வாசலுக்குக் கொன்றையா, மகிழமா?

மரக்கன்னு குடுக்கற நேரத்துல பேச்சு எதுக்குன்னு பின்னாடி ரெண்டு பேரு முணுமுணுக்கறது எனக்குக் கேக்குது. முணுமுணுங்க... மைக் என் கையில இருக்கு, நானாக் குடுத்தாத்தான் உண்டு.

மேஜை மேல ரெண்டு வகைக் கன்னு வெச்சிருக்காங்க. சரக்கொன்றை, மகிழம். ரெண்டும் நம்ம மண்ணு மரம். வீட்டுக்கு ஒண்ணுதான் குடுப்பாங்க. "டீச்சர், எது நல்லதுன்னு மட்டும் சொல்லிட்டு இறங்கிடுங்க"ன்னு நம்ம சங்கச் செயலாளர் சொன்னாரு. அப்படி ஒத்தை வரியில சொல்ல எனக்கு வராதுங்க. முப்பது வருசம் வகுப்புல பேசிப் பழகின வாய். அதனால ஒரு குட்டிக் கதை சொல்றேன். கன்னு வாடறதுக்குள்ள முடிச்சுடறேன்.

பொள்ளாச்சிப் பக்கம் நான் முன்னாடி குடியிருந்த தெரு. எங்களுக்கு எதிர் வீட்டுல குழந்தைவேலுன்னு ஒருத்தர், அவர் சம்சாரம் ருக்குமணி. புதுசா வீடு கட்டி, கேட் பக்கத்துல ஒரே ஒரு மரத்துக்கு இடம் விட்டிருந்தாங்க. அங்க எந்த மரம் வைக்கறது... அதுலதான் சண்டை. ஒருநாள் ரெண்டுநாள் சண்டையா? ஒரு மாசம் நடந்துச்சு.

அவர் சொல்வாரு, "கொன்றைதான் வைக்கோணும். சித்திரையில பாரு, மரம் பூரா மஞ்சச் சரமாத் தொங்கும். தெருவே நின்னு பார்க்கும்."

அந்தம்மா சொல்லும், "தெரு எதுக்குங்க நின்னு பார்க்கோணும்? பூக்கறதுக்கு முன்னாடி இலையெல்லாம் கொட்டிப்போட்டு மொட்டையா நிக்கும். அப்பறம் கருகருன்னு நீளக் காய். ஆரு கூட்டறது? மகிழம் வைங்க. வருசம் பூரா இலை அடர்த்தியா இருக்கும்."

"அதுல பூ இருக்கறதே கண்ணுக்குத் தெரியாதே ருக்கு."

"வாசம் வருமில்லைங்க. காஞ்சாலும் அந்த வாசம் போகாது. அது போதும்."

ரெண்டு பேர் சொல்றதும் நெசந்தானே? மரத்தைப் பத்தி ஒரு பொய்யும் இல்ல. ஆனா வீட்டுச் சண்டையில வாயில வர்ற காரணம் ஒண்ணு இருக்கும்... மனசுல இருக்கற காரணம் வேற ஒண்ணா இருக்கும். உங்க வீட்டுல இல்லையா? எங்க வீட்டுல உண்டு.

அவங்களுக்கு ஒரே பொண்ணு, பிருந்தா. கட்டிக் குடுத்த இடத்துல வாழ முடியாம, அந்தச் சமயத்துக்கு நாலு மாசம் முன்னாடி பெட்டியோட பொறந்த வீட்டுக்கே வந்துட்டா. வந்தவ வாசப்பக்கமே வர்றதில்ல. ஏன்? வந்தா, கேட்டைப் பிடிச்சுக்கிட்டு யாராவது நிப்பாங்க. "எப்பக் கண்ணு வந்தே? எப்பப் போறே?" அன்பாத்தான் கேப்பாங்க... அன்பாக் கேட்டா வலிக்காதா?

ஒரு ஞாயித்துக்கிழமை மூணு பேரும் நர்சரிக்குப் போனாங்க. நர்சரிக்காரர் ரெண்டு கன்னையும் எடுத்துப் பக்கத்துல பக்கத்துல வெச்சாரு. குழந்தைவேலு கேட்டாரு, "கொன்றை எப்பங்க பூக்கும்?"

"நாலஞ்சு வருசத்துல பூத்துருங்க."

ருக்குமணி மகிழங்கன்னோட இலையைத் தடவிக்கிட்டே கேக்குது. பூவைப் பத்திக் கேக்கல. வாசத்தைப் பத்திக் கேக்கல. "இது எத்தனை வருசத்துலங்க வாசலை மறைக்கும்?"

அவருக்கு என்ன தெரியும், பாவம், மரம் விக்கற மனுசன். "மகிழம் மெதுவா வளர்றதுங்க அக்கா. தெருவுல இருந்து பார்த்தா ஆள் தெரியாத அளவுக்கு அடையோணும்னா... பத்து வருசமாச்சும் ஆகும்."

பக்கத்துல நின்ன பிருந்தா மெதுவாக் கேட்டா...

"பத்து வருசம் நான் உள்ளயே இருக்கணுமாம்மா?"

ருக்குமணிக்கு இலையைத் தடவின கை அப்படியே நின்னுபோச்சு. "உன்னை மறைக்கறதுக்கில்ல சாமி... நீ வெளிய வந்து உக்காரோணும். உக்காந்தா ஒருத்தரும் வந்து ஒண்ணும் கேக்கக் கூடாது. அதுக்குத்தான் கண்ணு..." சொல்லி முடிக்க முடியல, அழுதுடுச்சு.

அந்தத் தாயை நான் குறை சொல்ல மாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க. பெத்த மனசு, வேற என்ன பண்ணும்?

அன்னைக்குச் சாயங்காலம் கேட் பக்கத்துல குழி வெட்டினாங்க. வெச்சது கொன்றை. மண்ணைத் தள்ளினது யாரு? ருக்குமணி. தண்ணி ஊத்தினது யாரு? பிருந்தா. நாலு மாசத்துல முதல் தடவையா அந்தப் பொண்ணு வாசல்ல நின்னா.

நின்னு அஞ்சு நிமிசம் ஆகல... எதிர் வீட்டுல இருந்து ஒருத்தி வந்துட்டா. "என்ன ருக்கு, பொண்ணு இன்னும் போகலையா? எப்பப் போறா?"

ருக்குமணி நிமிர்ந்து பார்த்துச்சு. "இந்த மரம் பூக்கற வரைக்கும் இருப்பா. பூத்ததுக்கு அப்பறமும் இருப்பா." சத்தமெல்லாம் போடல. சொல்லிட்டு, கன்னைச் சுத்தி மண்ணை மிதிச்சு விட்டுச்சு.

அந்த எதிர் வீட்டுக்காரி யாருன்னு பார்க்கறீங்களா?... நான்தாங்க. நர்சரியில நடந்ததெல்லாம் ருக்குமணி எங்கிட்டச் சொன்னது ரொம்ப நாள் கழிச்சு. அதுவரைக்கும் எங்கூடப் பேசவே இல்ல. நான் கேட்ட கேள்விக்கு எனக்கு அது நல்லா வேணும்.

இப்பச் சொல்லுங்க, எந்த மரம் நல்லது? ரெண்டுமே நல்ல மரம். மகிழத்து மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. நிழலுக்கு வைங்க, வாசத்துக்கு வைங்க. ஆனா ஒரு தாய் தன் பொண்ணை மறைக்க மரம் தேடிப் போனாளே... யாருகிட்ட இருந்து மறைக்க? திருடன்கிட்ட இருந்தா? எங்கிட்ட இருந்துங்க. உங்ககிட்ட இருந்து. நல்ல மனசோட விசாரிக்கறோம்னு நினைச்சுக்கிட்டு, அடுத்த வீட்டு கேட்டைப் பிடிச்சு நிக்கறோமே, நம்மகிட்ட இருந்து. நாம வாயைக் கொஞ்சம் அடக்கினா, எந்த வீட்டுக்கும் மறைக்கறதுக்குன்னு ஒரு மரம் வேண்டாம்.

கேக்காம இருக்க முடியலையா? சரி, கேளுங்க. "மரம் பூத்துருச்சா கண்ணு?"ன்னு கேளுங்க. அஞ்சாவது வருசம் சித்திரையில நான் அதைத்தான் கேட்டேன், தெருவுல நின்னுக்கிட்டே. பிருந்தா வந்து கேட்டைத் திறந்துவிட்டா.

"உள்ள வந்து பாருங்க டீச்சர்"ன்னா.