அங்க வச்சுட்டுப் போ

இந்த நாற்காலி நன்றாக இருக்கிறது, டாக்டர். போன தடவை போட்டிருந்ததில் ஒரு கால் ஆடியது. மாமியாரின் நிலைமையை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்க வேண்டும்.

அத்தை என் கையிலிருந்து எதையும் வாங்கியதில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அப்படித்தான். காபியோ துண்டோ மாத்திரையோ, நீட்டினால், "இந்தா, அங்க வச்சுட்டுப் போ" என்பார். நான் நகர்ந்த பிறகுதான் எடுப்பார். சண்டை சச்சரவு கிடையாது, ஒரு கெட்ட வார்த்தை கிடையாது. மறதி வந்து, காலையில் சாப்பிட்டதே நினைவில்லாத நாட்களிலும் இதை மட்டும் அவர் மறக்கவில்லை. அவர் கட்டில் பக்கத்திலேயே மெஷினைப் போட்டுக்கொண்டு ஊராருக்குத் திரைச்சீலை தைக்கிறவள் நான். மெஷின் சத்தத்துக்கு நடுவே அவர் இருமலைக் கேட்கப் பழகியிருக்கிறேன். எனக்கு அலுத்துவிட்டது, டாக்டர்.

மறதிக்குக் கொடுத்த மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது, இளைத்துக்கொண்டே போகிறார் என்று உங்களிடம் அழைத்து வந்தோம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்திப் பார்க்கலாம், மறதி அதிகமானால் உடனே சொல்லுங்கள், மறுபடி தொடங்கிவிடலாம் என்றீர்கள். குடும்பமாகப் பேசி முடிவெடுங்கள் என்றும் சொன்னீர்கள். வீட்டுக்காரர், "கூட இருக்கறது நீதான, நீயே பாத்துச் சொல்லு" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். வெளிநாட்டில் இருக்கும் நாத்தனார் போனில் அழுதுவிட்டு, "உங்க இஷ்டம் அண்ணி" என்றாள். குடும்பம் என்பது கடைசியில் நான்தான்.

நிறுத்திய பிறகு சாப்பாடு இறங்கியது. அதில் பொய் இல்லை. ஒரு மத்தியானம் வாழைப்பழத்தை உரித்துத் தட்டில் வைத்துவிட்டு நகரப் போனேன். அத்தை என் மணிக்கட்டைப் பிடித்தார். "எங்க போற குட்டிம்மா? நீயே ஊட்டிவிடு."

குட்டிம்மா என்பது நாத்தனாரின் செல்லப்பெயர். நான் திருத்தவில்லை, ஊட்டினேன். அப்புறம் மெஷினில் உட்கார்ந்தால் ஊசியில் நூல் கோர்க்க முடியவில்லை, கண் அப்படி நிறைந்திருந்தது.

அடுத்த தடவை மறதி எப்படி என்று கேட்டீர்கள். "பழையபடிதான் டாக்டர், சந்தோஷமா இருக்காங்க" என்றேன். கழிப்பறை எந்தப் பக்கம் என்று தெரியாமல் தடுமாறியதைச் சொல்லவில்லை. பெற்ற மகனையே "யாரு இந்த ஆளு?" என்று கேட்டதையும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவீர்கள்.

நாத்தனார் வந்தாள். பெட்டியைக்கூடத் திறக்காமல் ஆரஞ்சு உரித்து அம்மாவிடம் நீட்டினாள். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அங்க வச்சுட்டுப் போம்மா. என் பொண்ணு குடுப்பா" என்றார்.

சமையலறையில் என் தோளில் சாய்ந்து அழுதாள். "மாத்திரையைத் திரும்ப ஆரம்பிச்சா என்ன அண்ணி?"

"டாக்டர் வேண்டாம்னுட்டார்மா" என்று முதுகைத் தடவிக்கொடுத்தேன். உங்கள் பெயரை இழுத்ததற்கு மன்னிக்க வேண்டும். அவளைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. 'அங்க வச்சுட்டுப் போ' என்ற வார்த்தை எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவள் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் நான் நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தபோது அத்தை அவரைப் பார்த்தும் ஊட்டச் சொல்லி வாயைத் திறந்தார். மீட்டர் கணக்கெடுக்க வந்த ஆளைப் பார்த்தும் திறந்தார். யார் கொடுத்தாலும் சரிதான் என்று ஆகிவிட்டது. குட்டிம்மா என்று என்னைக் கூப்பிட்டு நாளாகிறது. நான் கிட்டே போனால் சுவரைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார்.

அதனால்தான் இன்றைக்கு வந்தேன். மாத்திரையை மறுபடி தொடங்கலாம், எழுதிக் கொடுங்கள். ஆனால் பழைய அளவு வேண்டாம், டாக்டர். எல்லாமே ஞாபகம் வந்து அவருக்கு என்ன ஆகப்போகிறது, பாவம். என்னை மகள் என்று நினைக்கும் அளவுக்கு வந்தால் போதும்.