திரை இருந்த இடத்தில் மணமேடை

நாகப்பட்டினத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, திருத்துறைப்பூண்டி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்திருந்த அம்மாள் கணவரிடம் சொன்னார்: "தாலி கட்டுற நேரத்துல, 'இங்கதான் திரை இருந்துச்சு'ன்னு மாப்பிள்ளையோட சித்தப்பாவுக்கு மணமேடையைக் காட்டுறீங்க."

"மண்டபம் ஆகுறதுக்கு முன்னாடி அது தியேட்டர். அதுக்கும் முந்தி நாடகக் கொட்டகை. சுனாமித் தண்ணி புகுந்து மூடுற வரைக்கும் நான்தானே அங்க படம் ஓட்டுனேன்."

"அதுக்காக அவரை மாடிக்கு இழுத்துட்டுப் போயி ஆபரேட்டர் ரூமைக் காட்டணுமா? கீழ கெட்டிமேளம் கொட்டுது."

"அங்கேருந்து மேடை நல்லாத் தெரியும். தாலி கட்டுனதை நான் முழுசாப் பார்த்தேன்."

"நீங்க பார்த்தீங்க. நான் தூக்கி வளத்த தம்பி பொண்ணு, நான் பார்க்கல. உங்களைத் தேடிக்கிட்டு வாசல்ல நின்னேன்."