குழந்தையப் பாத்துக்கறவர் பேர்

...படிக்கறதுக்குக் கவர்மெண்ட்ல பணம் கேட்டா, இருபத்திரண்டு வயசு வரைக்கும் அப்பன் சம்பளத்தப் பாப்பாங்களாம்மா. எங்க வீட்டுல ஒருத்தி பதினெட்டு வயசுல புள்ளையப் பெத்து இடுப்புல வச்சிருக்கா. அவளுக்குப் போய், நீ இன்னும் சின்னப் பொண்ணு, உங்கப்பன் சம்பளச் சீட்டக் கொண்டான்னு லெட்டர் போடறான். போட்டவன் மூஞ்சியப் பாக்கணும்னுதான் ஒரு மணி நேரமா இந்த பெஞ்சத் தேச்சுட்டிருக்கேன். உன் டோக்கன் என்னம்மா? ம்... எனக்கு அடுத்தது. நல்லா மாட்டிக்கிட்ட போ.

இத்தனைக்கும் சட்டம் அவங்க போட்டதுதான். கையில புள்ள இருந்தா தனியாள்னு கணக்கு, அப்பன் சம்பளத்தப் பேசவே கூடாது. தனியாளாம். எம் பொண்ணு டெஸ்ஸாவப் பாத்திருக்கியா நீ? வண்டி டயர்ல காத்து இருக்கான்னு என்னக் கேப்பா. முட்டை வெந்துடுச்சான்னு என்னக் கேப்பா. அவ தனியாள்!

புள்ளையோட அப்பனா? நல்லாக் கேட்ட. ஜெத்ரோன்னு ஒரு மகராசன். வடக்க அந்தக் கோடியில, டார்வின்ல இறால் படகுல இருக்கான். மாசம் ஒரு தடவ மீன் போட்டோ அனுப்புவான். மீன் போட்டோவ வச்சு டயப்பர் மாத்த முடியுமா? இவ அதையும் புள்ளகிட்டக் காட்டி, பாரு உங்கப்பான்னு சிரிக்கறா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

நான் இங்க ஷெப்பர்டன்லதான், பழம் டின்ல அடைக்கற ஃபேக்டரியில பெட்டி தூக்கற ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டறேன். பேரிக்கா சீசன்ல ஓவர்டைம் பாத்தேன், அது குத்தமாப் போச்சு. என் சம்பளத்தச் சேத்துப் பாத்தா அவளுக்கு ஒரு டாலர் வராது. வராட்டி பெண்டிகோ ஊர்ல காலேஜ் பக்கத்துல ரூம் கெடையாது, ரூம் இல்லன்னா நர்ஸ் படிப்பும் கெடையாது. இன்னும் ரெண்டு வாரத்துல கிளாஸ். பெட்டியெல்லாம் கட்டி ஹால்ல வச்சிருக்கா, தெனமும் தடுக்கி விழறேன். எடுத்து ஓரமா வைடீன்னா, எதுக்குப்பா, போகத்தானே போறேங்கறா. திமிரப் பாரு.

நர்ஸ் படிப்பு இங்க இல்லையா? இருக்கு. அதச் சொன்னா, அப்பா, எனக்குன்னு ஒரு வீடு வேணும்பாங்கறா. அப்ப நான் கட்டி வச்சிருக்கறது என்ன, கோழிக்கூடா? அவ அம்மா போனதுலேர்ந்து அந்த வீட்டுல நாங்க ரெண்டு பேர்தான். இப்ப ஹட்சன் வந்து மூணு பேர். ஹட்சன்னா அந்தப் பய... பேரன். காலைல நான் பூட்ஸ் மாட்டற சத்தம் கேட்டாலே கைகால ஆட்டுவான்.

லெட்டர்ல என்ன காரணம் போட்டிருக்கான் தெரியுமா? எங்க பதிவுப்படி குழந்தை உங்க பொறுப்புல இல்ல. அவ்வளவுதான். டெஸ்ஸா அழுதுட்டா. மூணு வாரமா இந்த ஆபீஸத் திட்டறா. நானும் கூடச் சேந்து திட்டறேன். அவளவிட நல்லாவே திட்டறேன்.

அந்தப் பதிவு எப்படி... ம். உனக்கும் புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரியில கட்டு கட்டா ஃபாரம் குடுத்திருப்பாங்களே. வயித்தக் கிழிச்சு எடுத்த உடம்பு, தூங்கட்டும்னு நான்தான் கிச்சன்ல உக்காந்து நிரப்புனேன். பேரு, பொறந்த தேதி, எடை, எல்லாம் சரியாத்தான் எழுதுனேன். குழந்தையப் பாத்துக்கறவர் பேருன்னு ஒரு கட்டம். அதுல ராஸ்னு எழுதுனேன். என் பேரு ராஸ்.

அப்படிப் பாக்காத. பணத்துக்கு இல்ல. புள்ளைக்குன்னு என் பேருக்கு வந்த காசுக்கெல்லாம் டயப்பராத்தான் வாங்கிப் போட்டேன். அவ பேர எழுதுனா தனியாளாயிடுவான்னு தெரியும்மா. ஃபாரத்துக்குப் பின்னாடியே அச்சடிச்சிருந்தான். படிச்சுட்டுத்தான் எழுதுனேன்.

பாத்துக்கறது அவதான். நான் ஒண்ணும் பாத்துக்கல. காய்ச்சல் வந்தப்ப ரெண்டு நாள் அவன மடியவிட்டு இறக்கல அவ. நான் வாசல்ல நின்னு, டாக்டருக்குப் போன் பண்ணட்டுமான்னு நாலு தடவ கேட்டேன். அவ முன்னாடியே பண்ணிட்டா.

இப்ப வெளிய கார்லதான் இருக்கா, புள்ளையோட. அப்பா நீங்க போய்ப் பேசுங்க, நீங்கன்னா விடமாட்டீங்கன்னு அனுப்பியிருக்கா. ஒரு பையில சம்பளச் சீட்டு இருக்கு. அதக் குடுத்தா கதை முடிஞ்சுது, அவ எங்கயும் போக முடியாது, பழி ஆபீஸ் மேல. இன்னொண்ணுல இந்த ஃபாரம், இங்க ஆபீஸ் வாசல்ல எடுத்தேன். எந்தத் தேதியிலேர்ந்து குழந்தை தாய் பொறுப்புல இருக்குன்னு கேட்டிருக்கான்.

என் நம்பரத்தான் கூப்பிடறாங்க, தெரியுது. காது கேக்குது எனக்கு.

ஏம்மா, பேனா இருக்கா? ...குடு. ஹட்சன் பொறந்தது மார்ச் பதினொண்ணு.