எட்டு மைல் சாலையில் திரும்பிவிடும் பேருந்து

கையில் விசிறியும் நெற்றியில் வியர்வையுமாகத் தலைமையேற்று வீற்றிருக்கும் பெருமதிப்பிற்குரிய பாஸ்டர் எஸ்ரா பிளெட்சோ அவர்களே! ஆளுக்கொரு பூந்தோட்டத்தைத் தொப்பியாகச் சூடி முன்வரிசையை நிறைத்திருக்கும் சபைத் தாய்மார்களே! டெட்ராயிட்டின் ஆலைகளில் தோளைத் தேய்த்த மூத்தவர்களே! பின்கட்டில் கெளுத்தி மீன் பொரித்து, வாசனையாலேயே என் பேச்சைச் சுருக்கச் சொல்லும் சகோதரிகளே! அனைவருக்கும் ராஸ்கோ விட்ஃபீல்டின் வணக்கம்.

நான் பள்ளிக்கூடத்தோடு நின்றவன். முப்பது ஆண்டுகளாகக் கார்களுக்குக் கதவு மாட்டுகிறவன். "ஊருக்கெல்லாம் கதவு மாட்டுவாரு, நம்ம வீட்டுக் கதவு இன்னும் கிறீச்சுன்னுதான் கத்துது" என்பாள் என் மனைவி வெர்னிதா. பின்வரிசையில் பலமாகச் சிரிக்கிறாரே ஒருவர், அவர்தான் வெர்னிதா.

என் மகள் ஜனேலை உங்களுக்குத் தெரியும். டெட்ராயிட் எல்லைக்கு அப்பால், ஆல்டன்வுட் நகரின் மருத்துவமனையில் செவிலியர் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். மூன்று முறை தாமதமாக வந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அது விதி. விதியை நான் குறை சொல்லவில்லை. குறை சொல்வது பேருந்தை!

நம் பேருந்து எங்கே போகிறது? எட்டு மைல் சாலை வரை போகிறது. அங்கே என்ன செய்கிறது? திரும்பிவிடுகிறது! ஆற்றைக் கண்டதா? மலையைக் கண்டதா? மதில்சுவரைக் கண்டதா? ஒன்றுமில்லை ஐயா, ஓர் எல்லைக்கோட்டைக் கண்டது! இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் வெள்ளையர். கறுப்பருக்கு விற்கக் கூடாது என்று என் தகப்பனார் காலத்தில் வீட்டுப் பத்திரத்தில் எழுதினார்கள். இன்று யாரும் எதையும் எழுதுவதில்லை. பேருந்தைத் திருப்பிவிடுகிறார்கள், அவ்வளவுதான்.

("சொல்லு பிரதர்!" என்கிறார்கள். சொல்லிச் சொல்லித்தானே தொண்டை வறண்டுபோச்சு! தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.)

கடைசி நிறுத்தத்திலிருந்து மருத்துவமனைக்கு இரண்டரை மைல். நடைபாதை கிடையாது. காரில் கொண்டுபோய் விடலாமே என்பீர்கள். அதே நேரத்தில்தான் என் ஆலையின் சங்கு ஊதுகிறது, அதுவும் நேர் எதிர்த்திசையில். ஆகவே என் மகள் நடக்கிறாள். பனியில் சறுக்கி ஒருமுறை தாமதம். இரண்டாவது முறை, போலீஸ் ரோந்து கார் வந்து பக்கத்தில் நின்றது.

"எங்கம்மா போறே?"

"ஆஸ்பத்திரிக்கு சார், பயிற்சிக்கு."

"உன் கார் எங்கே?"

"இல்ல சார்."

"அப்போ எதுக்கு நடக்கிறே?"

என்ன கேள்வி இது! கார் இல்லாதவள் பறந்தா போவாள்? அவளுடைய பயிற்சி அட்டையைப் பார்த்து, மருத்துவமனை அலுவலகத்தில் விசாரித்து, "நல்லபடியா போம்மா" என்று மரியாதையாகத்தான் அனுப்பினார். மரியாதை கெடவில்லை, மணிதான் கடந்தது. இரண்டாவது தாமதம். இனி மிச்சம் ஒன்றே ஒன்று.

போன மாதம் ஆல்டன்வுட் நகர மன்றத்துக்குப் போனேன். "இன்னும் இரண்டரை மைலுக்குப் பேருந்தை விடுங்கள்" என்று கேட்டேன். ஓர் அம்மையார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எங்க பதிவேட்டுல வீட்டுக்கு மூணு கார் இருக்கு சார். எங்க ஊர்ல யாருக்குப் பஸ் வேணும்?"

வீட்டுக்கு மூன்றா? வழியெல்லாம் வாசல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்று, இரண்டு, அதற்குமேல் காணோம். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. அந்த ஊரில் எப்படியோ ஒரு வாடகை வீடு பிடித்துக் குடியிருக்கும் என் மைத்துனன் கிளீட்டஸைக் கூப்பிட்டேன்.

"டேய், உன் விலாசத்துல எத்தனை கார்டா இருக்கு?"

"இருங்க மச்சான்... என்னோடது, உங்களோடது, உங்க அண்ணனோடது, பாட்டுக் குழுவுல நாலு பேரு, தொப்பிக் கடை அம்மா, அப்புறம்... பாஸ்டரோடது."

"பாஸ்டருமா?"

"அவருதான் மச்சான் முதல் ஆளு!"

ஒன்பது கார்கள்! வாசலில் நிற்பதோ ஒன்று! இப்படி அந்த ஊரில் இன்னும் எத்தனை விலாசமோ! பாஸ்டர் அவர்களே, விசிறியால் முகத்தை மறைக்க வேண்டாம், நாமெல்லாம் ஒரே குட்டையில்தான் இருக்கிறோம். ஏன் இப்படிச் செய்தோம்? கோட்டுக்கு இந்தப் பக்கத்து விலாசம் என்றால் காப்பீட்டுக் கட்டணம் இரட்டிப்பு. அதே கார், அதே சாலை, அதே ஓட்டுநர், விலாசம் மட்டும் குற்றவாளி! அதனால் நம் கார்களை அந்தப் பக்கத்துக்குக் குடியேற்றினோம். நாம் குடியேற முடியாத ஊருக்கு நம் கார்கள் குடியேறின! அந்தக் கார்களை எண்ணிப் பார்த்துத்தான் அவர்கள் பேருந்து வேண்டாம் என்கிறார்கள். என் மகள் கால் தேய நடப்பதற்கு நானும் ஒரு காரணம். இதை யாரிடம் சொல்லி அழ? நம்மை ஒதுக்குவதற்கு அவர்கள் பட்ட பாடு போதாதென்று நாமும் அல்லவா கை கொடுத்திருக்கிறோம்!

இன்று காலை என் காரை என் வீட்டு விலாசத்துக்கே மாற்றிவிட்டேன். கட்டணத்தைக் கேட்டேன். கேட்டதும் சாவியை அலமாரியில் போட்டேன். "கார் செய்யிற மனுஷன் பஸ்லயா போவீங்க?" என்றாள் வெர்னிதா. போவேன். இங்கேயும் பேருந்தில்தான் வந்தேன். எனக்குச் சுகமாக இல்லை. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

ஆனால் வருகிற செவ்வாய்க்கிழமை மன்றம் இந்தப் பேருந்துக்காக வாக்கெடுக்கிறது. அந்த அம்மையாரிடம் "ஒன்றைக் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல என் கையில் காகிதம் இருக்கிறது. ஒரு காகிதம் போதுமா? என் காரையும் கிளீட்டஸின் காரையும் தள்ளினால் மீதி ஏழும் இந்த மண்டபத்தில்தானே உட்கார்ந்திருக்கின்றன! நீங்களும் விலாசத்தை மாற்றுங்கள்! தலைகள் ஏன் தாழ்கின்றன? உங்கள் பிள்ளைகளும் நாளை அந்தக் கோட்டில் இறங்கி நடக்கத்தானே வேண்டியிருக்கும்?

பொறுங்கள்... பாஸ்டர் அவர்கள் கோட்டுப் பையில் கைவிடுகிறார். கைக்குட்டையா? இல்லை, சகோதரிகளே, இல்லை! சாவி! மேசைமேல் வைத்துவிட்டார்! அதோ பாட்டுக் குழுவில் ஒருவர் எழுகிறார். தொப்பிக் கடை அம்மா, உட்கார்ந்தபடியே வீசுங்கள், நான் பிடித்துக்கொள்கிறேன்!

செவ்வாய் மாலை ஆறு மணிக்குக் கடைசி நிறுத்தத்தில் இறங்குவோம். முன்னால் ஜனேல் நடப்பாள், அவளுக்குத்தான் வழி அத்துப்படி. ரோந்து கார் வந்து "உங்க கார் எங்கே?" என்று கேட்டால், "நாங்க எங்க குடியிருக்கோமோ அங்கதான் சார் இருக்கு" என்று சொல்லுங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மீனைக் கருகவிடாமல் காத்த சகோதரிகளுக்கும் என் நன்றி. செவ்வாய்க்கிழமை சந்திப்போம், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வாருங்கள். வணக்கம்.