சின்ன ஜெட்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் போதும் சார், இன்ஜினுக்கு என்ன குறை என்று தெரிந்துவிடும். கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், பெட்ரோல் பற்றவில்லை. பால் கலந்த டீயின் நிறத்தில் இருந்தால் கலவை சரி. என் மருமகனின் காரில் நாலு பிளக்கும் வெளுத்திருந்ததாக உங்கள் ஆள் எழுதியிருக்கிறார். கெட்டிக்காரர்தான். அதில் ஒரு எழுத்தைக்கூட நான் மறுக்க மாட்டேன்.

கார்புரேட்டர் வைத்த பழைய வண்டி அது. கல்யாணத்தின்போது நான் கொடுத்தது. வருஷத்துக்கு இரண்டு முறை மகளும் மருமகனும் அதில் வருவார்கள். கிளம்பும் முந்தின நாள் மருமகன் சாவியை என் கையில் தருவார்.

"மாமா, ஒரு தடவ பாத்துடுங்க."

நல்ல பிள்ளை. என்னைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்.

மனைவி போன பிறகு வீட்டில் நானும் நாலு சுவரும்தான். இன்னும் இரண்டு நாள் இரும்மா என்று சொல்ல எனக்கு வாய் வராது. அழுதுவிடுவேனோ என்று பயம். கைக்குத்தான் வேலை தெரியும். முதல் முறை கார்புரேட்டரில் ஒரு ஸ்க்ரூவை அரைச் சுற்று முறுக்கிவிட்டேன். தெருமுனை சிக்னலிலேயே வண்டி நின்றது. தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். மகள் சிரித்தாள்.

"இந்த வண்டிக்கு ஒங்கள விட்டுப் போக மனசில்லப்பா."

இரண்டு நாள் இருந்தார்கள். எனக்கு நல்ல தூக்கம். யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை. பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது.

போன மாதம் வந்தபோது வேறு பேச்சு. மருமகனுக்குக் கடல் தாண்டி வேலையாம். "மூணே வருஷந்தாம்ப்பா" என்றாள். என் வயதில் மூன்று வருஷம் என்றால் என்னவென்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. சரிம்மா என்றேன்.

ஸ்க்ரூ இனி எடுபடாது. அதைத் திருப்பிச் சரிசெய்ய மருமகனே பழகியிருந்தார். அதனால் கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் வரும் ஜெட்டை எடுத்துவிட்டு, துளை சிறியதாக உள்ள ஒன்றைப் போட்டேன். சமதரையில் ஒன்றும் தெரியாது. அவர்கள் ஊருக்குப் போகும் வழியில் பாரத்தோடு மலை ஏறும்போது திணறி நின்றுவிடும். அங்கே வேறு மெக்கானிக் கிடையாது, எனக்குத்தான் போன் வரும். கட்டியிழுக்கும் கயிற்றை என் பட்டறை வேனில் போட்டு வைத்தேன். மதியத்துக்கு மூன்று பேருக்குச் சமைத்தேன்.

அந்த ஏற்றத்தில் லாரி வருமென்று தெரியாதா என்று கேட்டீர்கள். தெரியும். பாதி லாரி என் பட்டறைக்கு வருபவை. மூன்றாவது வளைவில் நிற்கும் வண்டி பின்னால் வருபவனுக்குத் தெரியாது. அதுவும் எனக்குத் தெரியும். அதற்கு முன்பே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அவர்கள் போன பிறகுதான் கூடத்தில் இரண்டு பெட்டிகளைப் பார்த்தேன். ஊரைவிட்டுப் போகுமுன் இன்னொரு நடை வந்து எடுத்துக்கொள்வதாக மருமகன் சீட்டு எழுதி வைத்திருந்தார். அவ்வளவு பாரம் குறைந்தால் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் இழுக்கும். எந்த வளைவு வரை என்பதும் புரிந்தது. போன் கையில்தான் இருந்தது. ஏற்றத்தைத் தொட அவர்களுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. ஆனால் என்ன சொல்லிக் கூப்பிடுவது? உட்கார்ந்து பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாரி மோதிய இடத்திலேயே மருமகன் போய்விட்டார். மகளுக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அவளுடைய பழைய அறையிலேயே படுக்க வைத்திருக்கிறேன்.

"வண்டிக்கு என்னப்பா ஆச்சு?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள். பெட்ரோலில் கலப்படம் என்றேன். நம்பிவிட்டாள்.

ஜெட்டை மாற்றியது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வீட்டுக்கு மட்டும் ஒரு நடை போய்வர விடுங்கள். மூன்று மணிக்கு அவளைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சார்?