பேக் காயுற வரைக்கும்

ஐயோ மேடம், பேசாதீங்க, பேசாதீங்க. வாயோரம் பாருங்க, இப்பவே கீறல் விட்டுடுச்சு. முகத்துல பேக் போட்டா பேச்சு கூடாதுன்னு முன்னாடியே சொன்னேன்ல? ஆமான்னா கட்டைவிரலத் தூக்குங்க, இல்லன்னா சுண்டுவிரல ஆட்டுங்க, போதும். கண்ணு மேல இருக்கிற பஞ்சையும் எடுக்காதீங்க. காயுற வரைக்கும் நான் பேசுறேன். எனக்கென்ன, வாய்க்கு வாடகையா குடுக்கிறேன்? நான் பேசாம இருந்தாத்தான் கஸ்டமருங்க பயப்படுவாங்க, முடிய எக்குத்தப்பா வெட்டிட்டேன் போலன்னு.

என்ன சொல்ல வந்தீங்க, மீட்டிங்குக்கு நேரமாகுதுன்னா? தெரியும் மேடம். சாயங்காலம் ஹையர் செகண்டரி ஸ்கூல்ல கமிட்டி மீட்டிங். நீங்கதான் பொருளாளர். இந்தத் தெருவுல அது தெரியாதவங்க யாரு? கையில இருக்கிற பணம் ஏதாவது ஒண்ணுக்குத்தான் பத்துமாமே. ஒண்ணு, ஆண்டு விழா மேடைக்குப் புதுக் கூரையும் லைட்டும். இல்லன்னா புள்ளைங்க மனசு சரியில்லன்னா போய்ப் பேசுறதுக்கு ஒரு ஆலோசனை டீச்சர் இருக்காங்களே, அவங்களுக்குச் சம்பளம். இத்தன நாள் வெளியில ஒரு ட்ரஸ்ட் குடுத்துச்சு, இப்ப கைய விரிச்சிட்டாங்க. நீங்க மேடை பக்கம்னு கேள்வி. பாருங்க, கட்டைவிரல் தூக்கிட்டீங்க.

தப்புன்னு சொல்லல மேடம். மேடைன்னா கண்ணுக்குத் தெரியும். நாலு பேர் வந்து நின்னு பாப்பாங்க, கல்வெட்டுல பேர் போடலாம். அந்த டீச்சர் பண்றதுல எதைக் காட்டுவீங்க? ஒரு ரூமு, ரெண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. இங்க வந்து உக்கார்றவங்க எல்லாரும் அதத்தான் சொல்றாங்க, நம்ம காலத்துல இதெல்லாம் இருந்துச்சான்னு. போன வாரம் பேங்க்ல வேலை பாக்கிற அம்மா ஒருத்தங்க வந்தாங்க. இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல, போனைப் புடுங்கி வெச்சா மனசு தானா தெளிஞ்சிடும்னாங்க. சொல்லிட்டு, தலைக்கு டை போட்டு முடிக்கிற வரைக்கும் அவங்க போனைக் கீழ வெக்கல. டை அதுமேல சொட்டிடுச்சு, துண்டால துடைச்சிட்டு மறுபடியும் அதையே பாத்துக்கிட்டிருந்தாங்க.

சிரிக்காதீங்க, கன்னத்துல கோடு விழுது.

நானும் முன்னாடி அந்தக் கட்சிதான் மேடம். புள்ளைங்க அந்த டீச்சருக்கு வெச்சிருக்கிற பேர் தெரியுமா? காது மிஸ்ஸு. மத்த மிஸ்ஸெல்லாம் வாயாம், இவங்க மட்டும் காதாம். உக்காந்து கேக்கிறதுக்கு ஒரு சம்பளமா, அப்ப எனக்கு ரெண்டு சம்பளம் குடுக்கணுமேன்னு நானே நக்கல் அடிச்சிருக்கேன். நாள் பூரா கேக்கிறேன், கூடவே முடியும் வெட்டுறேன்ல.

அப்புறம் எப்படி மாறினேன்னு கேக்கிறீங்களா? சுண்டுவிரல ஆட்டுறீங்க. கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். பேக் இன்னும் ஈரமாத்தான் இருக்கு.

ஒரு பொண்ணு, அந்த ஸ்கூல்தான், பதினொண்ணாவது படிக்குது. சனிக்கிழமை டியூஷன் முடிஞ்சு வரும். முதல்ல வந்தப்ப, வகிட்ட மாத்தி எடுத்து விடுங்கக்கான்னுச்சு. ஸ்டைலுக்குக் கேக்குதுன்னு நினைச்சேன். சீப்ப வெச்சா, இடது காதுக்கு மேல ஒரு காசு அகலத்துக்கு முடியே இல்ல. புழுவெட்டுன்னு முடிவு கட்டிட்டேன். எத்தன தலை பாத்திருக்கேன், எனக்குத் தெரியாததான்னு ஒரு திமிரு. எண்ணெய் குடுத்தேன், ஷாம்பூவ மாத்தினேன், உங்க வீட்டுத் தண்ணி சரியில்லன்னேன். அதுவும் பாவம், எல்லாத்துக்கும் சரிக்கா சரிக்கான்னு தலையாட்டிக்கிட்டு வாங்கிட்டுப் போகும்.

இடம் மட்டும் பெருசாகிக்கிட்டே போச்சு. பரீட்சை வந்தா இன்னும் வேகம். ஒரு கட்டத்துல உள்ளங்கை அகலம் வந்துடுச்சு. மேல் முடிய இழுத்து மூடி, உள்ளார ரெண்டு க்ளிப் குத்தி, கொஞ்சம் ஸ்ப்ரே அடிச்சு அனுப்புவேன். என் கைவேலைய நானே மெச்சிக்குவேன். வீட்டுல கூட யாரும் கண்டுபுடிக்கலன்னா பாத்துக்குங்களேன்.

அந்தச் சமயத்துல காது மிஸ்ஸு நுனி வெட்டிக்க வந்தாங்க. பேச்சு வாக்குல, பேர் கீர் எதுவும் சொல்லாம, ஒரு சின்னப் பொண்ணுக்குப் புழுவெட்டு, எதுக்கும் மசிய மாட்டேங்குதுன்னேன். அவங்க ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. அந்தப் பொண்ணு எந்தக் கையால எழுதும்?

இது என்னடா கேள்வின்னு ஆயிடுச்சு எனக்கு. வலது கைன்னேன். அப்ப எழுதுறப்ப, படிக்கிறப்ப இடது கை சும்மாதானே இருக்கும்னாங்க.

அப்புறம் பொறுமையா சொன்னாங்க. சில பேருக்கு உள்ளுக்குள்ள அழுத்தம் ஏறினா கை தானா தலைக்குப் போயிடுமாம். ஒவ்வொரு முடியா புடுங்குமாம். நிறுத்தணும்னு நினைச்சாலும் நிக்காதாம், திட்டினா இன்னும் கூடுமாம். இதுவும் அதுவா இருக்கலாம், நேர்ல பேசினாத்தான் தெரியும், ஏன் இப்படிப் பண்றேன்னு மட்டும் கேட்டுடாதீங்க, நான் ஸ்கூல்ல இருக்கேன்னு சொல்லுங்க போதும்னாங்க. கத்தரிக்கோலக் கீழ வெச்சிட்டேன் மேடம். அழற புள்ளைக்கு எண்ணெய் தேச்சு விட்டிருக்கேன் நான்.

அடுத்த சனிக்கிழமை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன். அப்புறம் அழுதுச்சு பாருங்க, கடைக் கதவையே சாத்திட்டேன். திங்கட்கிழமை காது மிஸ்ஸுகிட்ட போச்சு. அதுக்கப்புறம் வாராவாரம் போகுது. இப்ப எழுதுறப்ப இடது கையில ஒரு ரப்பர் பந்து வெச்சிருக்கு. முடி வருது மேடம்! குட்டி குட்டியா, சொரசொரன்னு. நான் சீப்பு வெக்காம விரலாலதான் தடவிப் பாப்பேன். முதல் தடவ கையில தட்டுப்பட்டப்ப சந்தோஷம் தாங்காம, பக்கத்து நாற்காலியில இருந்தவங்களுக்குச் சும்மாவே புருவம் எடுத்து விட்டுட்டேன். அவங்க ஏன்னு புரியாம முழிச்சாங்க.

முழுசா நின்னுடல. இந்த மாசத்தோட மிஸ்ஸு போயிடுவாங்கன்னு ஸ்கூல்ல பேச்சு அடிபடுதுல்ல, அதக் கேட்டதுலேர்ந்து ராவும் பகலும் அதே நினைப்பு. திரும்பவும் கொஞ்சம் புடுங்கியிருக்கு.

பேசாதீங்கன்னு சொன்னேன்ல. என்ன, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமேன்னா? தாராளமா போகலாம். வீட்டுல தெரிஞ்சாத்தானே?

அவங்க அம்மா கெட்டவங்க இல்ல மேடம். ஒரு வார்த்தை குறைச்சுச் சொல்லாது அந்தப் பொண்ணு. அம்மா ரொம்பக் கெட்டிக்காரி, எதுக்கும் பதில் கைவசம் வெச்சிருப்பாங்களாம். தலை வலிக்குதுன்னா, தண்ணி குடிச்சியா? தூக்கம் வரலன்னா, போனை ஆஃப் பண்ணு. பயமா இருக்கும்மான்னா, பயம் எதுக்கு, நான் இல்லையா? எல்லாம் பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா அந்தப் பொண்ணு சொல்ல வந்தது பாதியிலயே நின்னுடுது. ஒரே ஒரு தடவ அம்மா பதில் சொல்லாம கேட்டாங்கன்னா எல்லாத்தையும் சொல்லிடுவேன்க்கா, ஆனா அவங்கள எப்படிப் பேசாம உக்கார வைக்கிறதுன்னு என்கிட்ட கேட்டுச்சு.

அதுக்கு என்கிட்ட ஒரு வழி இருக்கு, அம்மாவ ஒரு நாள் பேக் போடக் கூட்டிட்டு வான்னேன்.

மேடம்? என்ன, ஒரு விரலும் அசைய மாட்டேங்குது?

அழாதீங்கக்கா. சரி, அழுங்க, பேக் கரைஞ்சா கரையட்டும், வேற போட்டுக்கலாம். மீட்டிங்ல நீங்க எதுக்குக் கை தூக்குவீங்களோ, அது உங்க இஷ்டம். அவளும் அதப் பத்தி ஒண்ணும் கேக்கல. பாத்ததும் அவ தலையத் திருப்பித் திருப்பிப் பாக்க வேணாம்னு மட்டும் சொல்லச் சொன்னா. முதல்ல நான் சொல்லணும், மிச்சத்த அவளே சொல்லிக்கிறாளாம்.

உங்கள இங்க விட்டுட்டு டியூஷனுக்குப் போறேன்னாளே, அவ போகலக்கா. நான் பேச ஆரம்பிச்சதுலேர்ந்து உங்க பக்கத்து நாற்காலியிலதான் உக்காந்திருக்கா. கைய மட்டும் இப்படி நீட்டுங்க. நான் வெளிய நிக்கிறேன்.