பதினாலு பக்கத்தில் இல்லாத வரி

ஒக்கலிபுரத்தில் நான் பஸ் ஏறியபோது, முன் இருக்கையில் ஒரு பெண் தட்டச்சுத் தாள்களை மடியில் வைத்திருந்தாள். அவளோடு வேலை பார்க்கும் பெரியவர் பக்கத்தில் கம்பியைப் பிடித்து நின்றார்.

"உங்க ரிப்போர்ட் பதினாலு பக்கமும் டைப் அடிச்சேன் சார். பிஸ்கட்டை பாக்கெட் போடற பேக்கிங் செக்‌ஷனை மூடணுமா வேணாமான்னு எங்கயுமே இல்லையே?"

"ரெண்டு பக்கத்து நியாயமும் எழுதியிருக்கேன் ரெஜினாம்மா. மேனேஜர் முடிவு பண்ணட்டும்."

"அவர் முதல் பக்கத்தைத் தாண்ட மாட்டார். அதுல வேலை மந்தம்னு மட்டும்தான் இருக்கு. நாப்பது பொம்பளைங்களையும் வீட்டுக்கு அனுப்பிடுவார்."

அவர் குனிந்து முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"ஏன் மந்தம்னு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"தெரியும். பிஸ்கட் அடுப்பு தினம் பத்து மணி வரைக்கும் சூடாகறதில்ல. அதுவரைக்கும் அவங்க சும்மாதான் உக்காந்திருக்காங்க."

"அதை எழுதறதுக்கு என்ன?"

"அந்த அடுப்பை வாங்கினதே மேனேஜர்தான்."

இரண்டு ஸ்டாப்புகள் போயின.

"நோட்டு இருக்காம்மா?" என்றார்.

அவள் சுருக்கெழுத்து நோட்டை விரித்தாள். அவர் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். எனக்கே புரிந்தது: பேக்கிங் செக்‌ஷனை மூட வேண்டாம். தாமதத்துக்குக் காரணம் அடுப்பு. அதை மாற்ற வேண்டும்.

"முதல் பக்கத்துல முதல் வரியா இதைப் போடும்மா."

"சரி சார். கீழ, எழுதினவர்னு வழக்கம்போல ஆபீஸ் பேரா?"

அவர் கம்பியில் கை மாற்றிக்கொண்டார்.

"வேணாம். என் பேரையே போடு."